பழைய டாடா 407 லாரியின் கேபினுக்குத் தகடு வைக்க எந்த வெல்டிங்கைக் கற்பது?

எட்டு வயதைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். அதற்கு முன் டிங்கரிங் (தகட்டைத் தட்டி, ஒட்டிச் சீராக்குவது), பட்டி (பள்ளம் நிரப்பும் பசை), பெயின்ட் என்று சில நாள் பட்டறையில் நிற்பது பழைய லாரிகளின் தலையெழுத்து. கதவின் அடியில் போன ஆண்டு வைத்த ஒட்டு இந்த ஆண்டு பெயின்ட்டுக்குக் கீழே பொரிந்து வந்து நிற்கும். அதன் மேலேயே இன்னொரு தகட்டைப் போர்த்தி, பட்டி பூசி, சான்றும் வாங்கிவிடுவார்கள். இப்படிச் சில முறை பணம் கொடுத்துப் பார்த்த உரிமையாளர்களில் ஒரு சிலராவது, ‘இதை நாமே கற்றுக்கொண்டால் என்ன?’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். உடனே வரும் அடுத்த கேள்வி: எந்த மெஷின் வாங்கலாம்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரையுள்ள ஓர் இடமும் ஓரளவு நிலையான மின்சாரமும் இருந்தால் சி.ஓ.2 வெல்டிங், அதாவது வாயு மறைப்பில் கம்பி தானாக வந்து உருகும் முறை. கேஸ் வெல்டிங்கில் கை தேர்ந்த டிங்கர் ஒருவர் பக்கத்தில் இருந்து, அவர் சொல்லித்தரவும் ஒப்புக்கொண்டால் கேஸ், அதாவது ஆக்சிஜன்-அசிட்டிலின் சுடரால் பற்றவைப்பது. ராடை மின்சாரத்தால் உருக்கும் ஆர்க் மெஷின் ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறது என்பதற்காகக் கதவுத் தகட்டில் ஆர்க்கைக் கொண்டு தொடங்க வேண்டாம். ஆர்கான் வாயுவில் டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் ஆர்கான் (டிக்) வெல்டிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். டாடா 407. 1986-இல் சந்தைக்கு வந்த வண்டி. செங்கல், இளநீர், காய்கறி மூட்டை என்று இன்றும் ஊர்ப்புறங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. துரு பிடிக்கும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: கதவின் அடி மடிப்பு, முன்கண்ணாடி ரப்பருக்குக் கீழே உள்ள விளிம்பு, கால் மிதிக்கும் தளம், ஏறும் படி, சக்கரத்தின் சேறு அடிக்கும் உட்பக்கம். இத்தகைய கேபின்களின் வெளித் தகடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். கடையில் 20 கேஜ் என்று கேட்டு வாங்கும் தகடு ஏறக்குறைய 0.9 மி.மீ.; 18 கேஜ் 1.2 மி.மீ. வெளித் தோலுக்கு முன்னது, தளத்துக்குப் பின்னது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரும்புத் தகடு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆக்சி-அசிட்டிலின் சுடர் 3,100 டிகிரியைத் தாண்டும். மின்வில் (ஆர்க்) அதற்கும் மேலே. ஆகவே எந்த முறையிலும் சூட்டுக்குப் பஞ்சமில்லை, மிதமிஞ்சிய சூடுதான் தொல்லை. ஓரிடம் பழுக்கும்போது அது விரிய முயல்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு இடம் கொடுப்பதில்லை. விரிய வழியில்லாத உலோகம் அந்த இடத்திலேயே தடித்து, ஆறும்போது முன்பிருந்ததைவிடச் சுருங்கிச் சுற்றுப்புறத்தை இழுக்கிறது. சமதளமாக இருந்த கதவு, அலை அலையாக நெளிந்து நிற்பது இதனால்தான். இதை வைத்துத்தான் ஒவ்வொரு முறையையும் எடைபோட வேண்டும்: சூடு எவ்வளவு பரவுகிறது, நினைத்த நொடியில் நிறுத்த முடிகிறதா, பற்றவைத்த தையல் பிறகு சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கிறதா.

கேஸ் வெல்டிங் இந்த மூன்றில் கடைசிக் கேள்விக்குச் சிறந்த பதில் தருகிறது. அதன் தையல் மென்மையானது. தகட்டின் பின்னால் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டியை) பிடித்து முன்னால் சுத்தியலால் தட்டினால், சுருங்கிய இடம் மெல்ல நீண்டு மட்டத்துக்கு வரும். பழைய டிங்கர்கள் பட்டி அதிகமின்றிக் கதவை முடிப்பது இந்தக் கலையால்தான். அதே டார்ச், துருவேறி இறுகிய போல்ட்டைச் சூடாக்கவும், புடைத்துப்போன தகட்டைச் சுருக்கவும் உதவும். கேஸில் பழகிய கண்ணுக்கு உருகிய உலோகத்தின் குளம் எப்படி நகர்கிறது, எப்போது ஓட்டை விழப்போகிறது என்பது தெரிந்துவிடும். பிறகு எந்த மெஷினைப் பிடித்தாலும் அந்தப் பார்வை கூடவே வரும்.

ஆனால் முதல் இரண்டு கேள்விகளில் கேஸ் தோற்கிறது. சுடர் மெதுவாகச் சூடேற்றுவதால் சூடு நாலாபக்கமும் பரவுகிறது. புதியவர் கையில் ஒரு சாண் நீளத் தையல், ஒரு முழ நீளத்துக்குத் தகட்டை நெளித்துவிடும். சுத்தியலும் டாலியும் பழகாதவருக்கு மென்மையான தையலால் பயனும் இல்லை. அதனால்தான் கேஸுக்கு ஆசான் வேண்டும் என்கிறேன். இதில் பாதி வெல்டிங், பாதி தட்டல். தட்டுவதைப் படத்தைப் பார்த்துக் கற்க முடியாது, பக்கத்தில் நின்று சத்தத்தையும் கேட்டுப் பழக வேண்டும்.

சிலிண்டர் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். கறுப்பு ஆக்சிஜன், மெரூன் நிறம் அசிட்டிலின். அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்கவைக்கக் கூடாது. அதனுள் வாயு அசிட்டோனில் கரைந்து நிற்கிறது. ரெகுலேட்டரிலிருந்து வெளிவரும் அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் அந்த வாயு தானாகவே சிதைந்து வெடிக்கும் நிலைக்குப் போகலாம். ஆக்சிஜன் ரெகுலேட்டரின் திருகு இறுகியிருக்கிறது என்று ஒரு சொட்டு எண்ணெய் விடுவது தீயை நாமே அழைப்பதற்குச் சமம். செலவைக் குறைக்க டிரம்மில் கார்பைடு கல்லையும் தண்ணீரையும் போட்டு வாயு எடுக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். ‘சமையல் கேஸே போதும்’ என்பார் இன்னொருவர், எல்.பி.ஜி.யும் ஆக்சிஜனும் இரும்பை வெட்ட உதவும், பித்தளை வைக்கவும் உதவும், இரும்பை இரும்போடு உருக்கிச் சேர்க்க ஏற்றவை அல்ல.

பித்தளை வைப்பது தனி வழி. கம்பி ஏறக்குறைய 900 டிகிரியிலேயே உருகும். தகடு உருகுவதில்லை, பழுத்தால் போதும். வெங்காரத்தில் தோய்த்த பித்தளைக் கம்பி, துருவால் மெலிந்த விளிம்பில்கூட ஓடிப் பிடிக்கும். மெல்லிய, அதிகம் பாரம் தாங்காத இடங்களுக்கு நல்ல வழிதான். இரண்டு சங்கடங்கள் உண்டு. வெங்காரத்தின் கண்ணாடிப் படிவத்தை முழுக்கச் சுரண்டாவிட்டால் அதன் மேல் பெயின்ட் நிற்காது. மேலும், பித்தளை வைத்த இடத்தில் பிற்காலத்தில் சி.ஓ.2 வைக்கப்போனால் தையல் விரிசல் விடும். ஒட்டிய பித்தளையை எல்லாம் அறுத்து எறிந்த பிறகுதான் அங்கே வேறு வேலை நடக்கும். பழைய வண்டி வாங்கும்போது பெயின்ட்டுக்கு அடியில் மஞ்சள் தெரிந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

ஆர்க் வெல்டிங்தான் ஊரெங்கும் இருப்பது. கேட், கிரில், தகரக் கொட்டகை எல்லாம் அதில்தான். இன்வெர்ட்டர் மெஷின்கள் தோளில் மாட்டும் அளவுக்குச் சிறிதாகிவிட்டன. விலையும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு. சிக்கல் ராடில் இருக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் 12 நம்பர் ராடு 2.5 மி.மீ. தடிமன், அது ஒழுங்காக எரிய 60 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். 0.9 மி.மீ. தகடு அதைத் தாங்காது. 2 மி.மீ. ராடு கிடைத்தால் 40 ஆம்பியர் அளவில் ஓட்டலாம். ராடை நெகட்டிவில் மாட்டி, மேலிருந்து கீழாக விரைவாக இழுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளில் வேலை செய்தால் ஒரு தேர்ந்த கை ஒப்பேற்றிவிடும். ஆனால் புதியவருக்கு ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்கப்போனால் அது இன்னும் பெரிதாகும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கசடைத் தட்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி தொடங்க முடியும் என்பதால், விட்டு விட்டு வைக்கும் வேலைக்கு ஆர்க் ஒத்துழைப்பதும் இல்லை.

இதனால் ஆர்க் மெஷினை விற்றுவிட வேண்டியதில்லை. 407-இல் அதற்கு வேலை நிறைய இருக்கிறது: பின்பக்கச் சரக்குப் பாடியின் ஆங்கிள்கள், இறக்குக் கதவின் கீல், படியைத் தாங்கும் பிராக்கெட், தளத்துக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டம். மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்பில் ஆர்க் தையல் ஆழமாகவும் உறுதியாகவும் பிடிக்கும். சேஸிஸ் மட்டும் இந்தப் பட்டியலில் இல்லை. அதில் கற்றுக்குட்டியின் கை படவே கூடாது.

இனி சி.ஓ.2. மிக் என்றும் சொல்வார்கள். துப்பாக்கியின் விசையை அழுத்தினால் கம்பி தானாக வந்து உருகும்; விட்டால் அந்தக் கணமே நிற்கும். மெல்லிய தகட்டுக்கு இதைவிட வேறு வரம் தேவையில்லை. ஒரு புள்ளி வைத்து, கையை எடுத்து, ஒரு சாண் தள்ளி இன்னொரு புள்ளி, பிறகு எதிர் முனையில் ஒன்று என்று சூட்டைச் சிதறவிட்டுக்கொண்டே போகலாம். முதலில் ஓர் அங்குலத்துக்கு ஒரு டாக் (சிறு புள்ளி); பிறகு இரண்டு டாக்குகளுக்கு நடுவே ஒன்று; இப்படி இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் தொடர்ச்சியான தையலே கிடைத்துவிடும். வைத்த இடத்தைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு வரும் வரை அதன் அருகே அடுத்த புள்ளியை வைக்கக் கூடாது. பொறுமை இல்லாதவருக்கு நல்ல மெஷினும் உதவாது.

கம்பி 0.8 மி.மீ. எங்கும் கிடைக்கும், 0.6 மி.மீ. கிடைத்தால் இன்னும் நல்லது, குறைந்த சூட்டிலேயே உருகும். 20 கேஜ் தகட்டுக்கு 40 ஆம்பியர் அளவில் தொடங்கிப் பார்க்கலாம். இங்கேதான் மெஷின் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். 200, 250 ஆம்பியர் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மேல் எல்லை. கேபின் வேலைக்குப் பார்க்க வேண்டியது கீழ் எல்லை. 50 ஆம்பியருக்குக் கீழே அமைதியாக எரியாத மெஷின், எத்தனை பெரியதாக இருந்தாலும் கதவுக்கு ஆகாது. கடையிலேயே ஒரு துண்டு 20 கேஜ் தகட்டைக் கொடுத்து, குறைந்த அளவில் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சீராகப் படபடத்தால் சரி. கம்பி தகட்டில் முட்டித் துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளினால் வேறு மெஷினைப் பாருங்கள்.

தூய கார்பன் டை ஆக்சைடு மலிவு; ஆழமாக உருக்கும், பொறிகளும் நிறையச் சிதறும். ஆர்கான் 80, கார்பன் டை ஆக்சைடு 20 என்ற கலவை விலை கூடுதல், ஆனால் மெல்லிய தகட்டில் மிகச் சாந்தமாக எரியும். கற்கும் காலத்தில் கலவைக்குச் செலவழிப்பது வீண் ஆடம்பரம் இல்லை. புதியவர் தன் கையைக் குறைசொல்லிக்கொள்ளும் பல கோளாறுகள் உண்மையில் கம்பி வரும் வழியில் இருக்கும்: உருளையின் இறுக்கம், கம்பி ஓடும் குழாயான லைனரில் சேர்ந்த அழுக்கு, துப்பாக்கி முனையில் தேய்ந்த டிப். இவற்றைச் சரிபார்த்த பிறகே கையைச் சந்தேகியுங்கள். வாசலில் காற்று வீசினால் வாயு கலைந்து தையல் முழுக்க நுண்துளைகள் விழும். கூரை மட்டும் போதாது, ஒரு பக்கமாவது தட்டி மறைப்பு வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. இதன் தையல் கேஸ் தையலைவிடக் கடினம். தகட்டுக்கு மேலே மேடாக நிற்கும். சுத்தியலுக்கு எளிதில் பணியாது, கிரைண்டர்தான் கதி. கிரைண்டரும் சூடேற்றும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நெளியாமல் பற்றவைத்த கதவைத் தேய்க்கும்போது நெளித்தவர்கள் உண்டு. ஓட்டை விழும் இடத்தில் பின்னால் ஒரு செம்புப் பட்டையை அழுத்திப் பிடித்தால் உருகிய இரும்பு அதில் ஒட்டாது, சூட்டையும் அது வாங்கிக்கொள்ளும். தளத்தை முழுதாக மாற்றும்போது இன்னொரு வசதியும் இருக்கிறது: கம்பெனியில் ஸ்பாட் வெல்டிங் வைத்த இடங்களில் மேல் தகட்டில் 6 முதல் 8 மி.மீ. துளை போட்டு, அதை நிரப்பினால் அதே உறுதி கிடைக்கும்.

‘கேஸே வேண்டாம், சிலிண்டர் தொல்லை இல்லை’ என்று விற்கப்படும் மெஷின்கள் இந்தக் குடும்பத்தின் இளையவை. உள்ளே பொடி நிரப்பிய கம்பி, எரியும்போது தன் புகையாலேயே காற்றை விலக்கும். திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு வசதி. ஆனால் சூடு அதிகம், கசடு உண்டு, பொறி உண்டு. தளத்துக்குச் சரி, கதவுக்கு இரண்டாம் பட்சம். பொடிக் கம்பிக்குத் துப்பாக்கி நெகட்டிவில் இருக்க வேண்டும், வெறும் கம்பிக்குப் பாசிட்டிவில். இணைப்பை மாற்றாமல் ஓட்டிவிட்டு மெஷின் மோசம் என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

ஆர்கான் வெல்டிங்கின் தையலைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். கேஸைப் போல மென்மை, அதைவிடக் குறுகிய சூடு. ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி, நல்ல மெஷினாக இருந்தால் காலில் பெடல் என்று உடம்பு முழுவதும் வேலை செய்யும். முப்பது ஆண்டு மழையில் நனைந்த தகடு அதற்கு ஒத்துவராது என்பதே தடை. துருவின் ஒரு துளி, பெயின்ட்டின் ஒரு கீற்று இருந்தாலும் சீறித் துப்பும். டங்ஸ்டன் முனை அழுக்காகி, கழற்றித் தீட்டிவிட்டு மறுபடி வர வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே இடைவெளியையும் அது மன்னிக்காது. கேஸ் தெரிந்தவர் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

பற்றவைக்காமல் தீர்ப்பதும் ஒரு வழிதான். கதவின் அடியும் போய், கீல் பிடிக்கும் இடமும் போயிருந்தால் அதில் ஒட்டுப்போட்டுக் கற்பதைவிட, சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் உறுதியான கதவைத் தேடுவது மலிவாக முடியும். ரிவெட் அடிப்பது சரக்குப் பாடிக்குப் பொருந்தும். இரும்பில் அலுமினியத் தகட்டை நேரடியாக வைத்து அடித்தால் ஈரம் பட்டதும் இரண்டுக்கும் இடையே அரிப்பு தொடங்கும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

எங்கே கற்பது? ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டுப் படிப்பு. கேஸ், ஆர்க், மிக், டிக் எல்லாவற்றையும் தொட்டுக் காட்டுவார்கள். பிழைப்புக்காகக் கற்பவருக்கு அதுவே நல்ல தொடக்கம். திருச்சி பெல் (பி.எச்.இ.எல்.) வளாகத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சி தருகிறது, ஆனால் அந்தத் திறமை கொதிகலனுக்கும் குழாய்க்கும் உரியது. கதவுத் தகட்டுக்காக அங்கே போக வேண்டியதில்லை. சொந்த வண்டிக்காகக் கற்பவருக்கு டிங்கரிங் பட்டறைதான் பள்ளிக்கூடம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு போன்ற லாரி ஊர்களில் தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். ஒரு எச்சரிக்கையோடு போங்கள்: சுத்தியல் பிடிப்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம், துருவின் மேல் தகட்டைப் போர்த்தும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளக் கூடாது. இரண்டு தகடுகளுக்கு நடுவே சிக்கிய ஈரம் வெளியேற வழியே இல்லை. பளபளக்கும் இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, அந்த அளவுக்குத் துண்டு நறுக்கி, விளிம்போடு விளிம்பு பொருத்துவதுதான் முறை. நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் பட்டறை அதைச் செய்வதில்லை. வாடிக்கையாளருக்கு எஃப்.சி. தேதி நெருங்கிவிட்டது, அவர்களைக் குறைசொல்லியும் பயனில்லை. உங்களுக்கு அந்த அவசரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்குச் சி.ஆர். தகடு (பூச்சு இல்லாத வெறும் இரும்புத் தகடு) வாங்குங்கள். ஜி.ஐ. தகடு (துத்தநாகம் பூசியது) துருப்பிடிக்காதே என்று அதை வாங்குபவர்கள் உண்டு. அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், மூச்சில் போனால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரலாம். பழைய எண்ணெய் டிரம்மை வெட்டிப் பழகலாம் என்ற யோசனையும் வேண்டாம். காலி டிரம்மில் தங்கிய ஆவி வெடிக்கும். இரண்டு துண்டுகளைச் சேர்த்து வைஸில் பிடித்து மடக்கிப் பாருங்கள். தையல் பிளக்காமல் தகடு வளைந்தால், பின்புறத்திலும் உருகிய கோடு தெரிந்தால், வண்டிக்குப் போகலாம். அங்கேயும் தளத்தில் தொடங்குங்கள். ரப்பர் பாய்க்கு அடியில் இருக்கும் கோணல் தையலை யாரும் பார்க்கப் போவதில்லை. பிறகு படி, பிறகு கதவின் உட்பக்கம், கடைசியாக வெளித் தோல்.

தொடங்கும் முன் பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்கு ஒட்டியே மாட்டுங்கள். இருக்கையையும் பாயையும் வெளியே எடுங்கள், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் வயர்களை ஒதுக்குங்கள், டீசல் குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பாருங்கள். அடிப்பகுதியில் பூசிய தார் மறுபக்கத்தில் கனன்றுகொண்டிருக்கும். வேலை முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள், ஒரு வாளித் தண்ணீரோடு. மின்வில்லுக்கு 10-ஆம் எண் கண்ணாடி, கேஸுக்கு 5-ஆம் எண் போதும். மின்வில்லுக்கு 5-ஆம் எண்ணைப் போட்டால், நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். அப்போது உருளைக்கிழங்கு வில்லையைத் தேடாமல் கண் மருத்துவரிடம் போங்கள்.

தையலைத் தேய்த்த அன்றே ரெட் ஆக்சைடு பூசிவிடுங்கள்; இரவுப் பனி பட்டால் காலையில் துரு தொடங்கியிருக்கும். கதவின் உட்பக்கத்தில் தூரிகை எட்டாது. அங்கே மெழுகுக் கலவையைக் குழாய் வழியே பீய்ச்ச வேண்டும். பெயின்ட் காய்ந்ததும், கதவின் அடி மடிப்பில் உள்ள வடிகால் துளைகளில் ஒரு மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். பட்டியோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் குத்தித் திறந்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது அடியில் ஒழுகுகிறதா என்று பாருங்கள்.